பாடம் 8: இரண்டு தகுதி மதிப்பெண்கள்

1948-இல் விடுதலை பெற்ற இலங்கையில், 1956-ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது. அரசுப் பணியை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது பேரிடியாயிற்று. மறு ஆண்டில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கையும் 1958-இல் கைவிடப்பட்டது.

இளைஞர் நெஞ்சைத் தைத்ததோ பல்கலைக்கழகச் சேர்க்கை. 1970-இல் மருத்துவம் பயில, 400-க்குச் சிங்களத்தில் தேர்வெழுதியோர்க்கு 229 மதிப்பெண் போதும். தமிழில் எழுதியோர்க்கு 250 வேண்டும். மாணவர்களே, லோதி ரோட்டில் ஒரே அறையில் தேர்வெழுதும் உங்களை, விடையெழுதிய மொழியைக் கொண்டு இப்படிப் பிரித்தால் என்ன நினைப்பீர்கள்?

சிற்றூர்ச் சிங்கள மாணவர்க்கு ஆய்வுக்கூட வசதி குறைவு என்பதும் உண்மையே. 1971-இல் வேலையற்ற சிங்கள இளைஞரும் கிளர்ந்தெழுந்தனர். எனினும், ஊர்களுக்கிடையே இருந்த குறையை மொழியால் அளந்தது பெருந்தவறு. ஒரு மாணவனுக்கு இடம் கிடைக்காதது, அவனுடைய இனத்துக்கே நேர்ந்த அவமதிப்பாகத் தோன்றியது. பேச்சில் நம்பிக்கை இழந்த தமிழ் இளைஞர் சிலர் ஆயுதம் ஏந்தினர். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 சூலைக் கலவரத்தையொட்டி மூண்ட போர் 2009 வரை நீடித்தது.

சொற்பொருள்: கிளர்ந்தெழுதல் – எதிர்த்து எழுதல், மூண்ட – பற்றியெழுந்த.

வினாக்கள்
1. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழர் வாழ்வாதாரத்தை எவ்வாறு பாதித்தது?
2. சிற்றூர் மாணவர் குறையை மொழி பாராமல் தீர்க்க வழியுண்டா? ஐந்து வரிகளில் எழுதுக.