தமனிகளின் ஏற்பிகள்: வயதும் ஆக்சிஜன் குறைவும் – முக்கியக் குறிப்புகள்

இந்தப் பகுதியில் ஏற்பியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்காது. எந்தத் தமனி, யாருடைய தமனி (கருவா, முதியவரா) என்று பார்த்த பிறகே விடையைத் தொட வேண்டும்.

அடிப்படை

• அட்ரீனலின் ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா எனப் பிரித்தவர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் (1948).

• ஆல்ஃபா-1: ஜிக்யூ புரதம் → பாஸ்போலிபேஸ் சி → ஐபி3 → உட்கிடங்கிலிருந்து கால்சியம் வெளிவருதல் → மென்தசை சுருக்கம்.

• பீட்டா-2: ஜிஎஸ் புரதம் → சைக்ளிக் ஏஎம்பி உயர்வு → தளர்வு.

• அசிட்டைல்கோலின் தமனியைத் தளர்த்த வேண்டுமானால் உட்புற எண்டோதீலியம் சிதையாமல் இருக்க வேண்டும். இதைக் காட்டியவர்கள் ஃபர்ச்காட், சவாட்ஸ்கி (1980). தளர்வுக்காக எண்டோதீலியம் அனுப்பும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு; அது சைக்ளிக் ஜிஎம்பி வழியாக வேலை செய்கிறது. 1998 நோபல் பரிசு: ஃபர்ச்காட், இக்னாரோ, முராட்.

• எண்டோதீலின்: 1988இல் ஜப்பானில் யானகிசாவா குழு கண்டறிந்தது. 21 அமினோ அமிலங்கள். வலிமையான சுருக்கி.

முதுமையில்

• முதலில் பலவீனமாவது தளர்த்தும் பக்கம்தான். பீட்டா ஏற்பி வழியான தளர்வு வயதோடு குறைகிறது; ஆல்ஃபா-1 வழியான சுருக்கம் அந்த அளவுக்குச் சரிவதில்லை. தராசு சுருக்கத்தின் பக்கம் சாய்கிறது.

• பீட்டா விளைவு குறைவதற்கு ஏற்பிகளின் எண்ணிக்கையைவிட, அவை ஜிஎஸ் புரதத்தோடும் அடினைலைல் சைக்ளேஸோடும் கொள்ளும் இணைப்பு பலவீனமாவதே முக்கியக் காரணம். "எண்ணிக்கை குறைவு மட்டுமே" என்ற தெரிவு வந்தால் கவனம்.

• பழுது எந்த அடுக்கில் என்று அறியும் சோதனை மிக அழகானது. முதியவரின் தமனியில் அசிட்டைல்கோலினுக்கான தளர்வு குறைகிறது. நைட்ரிக் ஆக்சைடை நேரடியாகத் தரும் நைட்ரோபுருசைடுக்கான தளர்வோ பெரும்பாலும் குறைவதில்லை. அதாவது மென்தசைக்குக் கட்டளையைக் கேட்கும் திறன் இருக்கிறது. கட்டளை அனுப்பும் எண்டோதீலியத்தில்தான் குறை. சூப்பராக்சைடு அயனி நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே பிடித்து பெராக்சிநைட்ரைட்டாக மாற்றிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

• எலாஸ்டின் சிதைந்து கொலாஜன் கூடுவதால் சுவர் விறைக்கிறது. இது ஏற்பியின் மாற்றம் அல்ல. இரண்டையும் கலந்து எழுதுபவர்கள் ஏராளம்.

ஆக்சிஜன் குறையும்போது

• உடல் தமனிகள் விரிகின்றன. நுரையீரல் தமனிகள் சுருங்குகின்றன. இந்த ஒரு வரியிலிருந்து பல கேள்விகள் பிறக்கின்றன.

• நுரையீரல் சுருக்கத்தைப் பூனைகளில் விவரித்தவர்கள் ஃபான் ஆய்லர், லில்ஜெஸ்ட்ராண்ட் (1946). காற்று போகாத பகுதிக்கு இரத்தம் வீணாகப் போகாமல் தடுப்பதே அதன் பயன்.

• காரணம் பொட்டாசியம் வாயில்களில் இருக்கிறது. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்தால் மின்னழுத்தத்துக்கு இசையும் பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன, செல் மின்முனைப்பு இழக்கிறது, கால்சியம் நுழைகிறது. உடல் தமனியில் ஏடிபி குறையும்போது திறக்கும் வேறுவகைப் பொட்டாசியம் வாயில் திறக்கிறது. கால்சியம் நுழைவு குறைகிறது. இதயத் தமனியில் அடினோசினும் சேர்ந்து விரிக்கிறது.

• நீடித்த ஆக்சிஜன் பற்றாக்குறைக்கு மரபணு அளவில் பதிலளிப்பது ஹிஃப் புரதம். 2019 நோபல்: செமென்சா, ராட்கிளிஃப், கேலின். திபெத்தியரிடம் காணப்படும் ஈபாஸ்1 மரபணு வேறுபாடு ஹிஃப்-2 ஆல்ஃபாவைச் சார்ந்தது.

வயதும் ஆக்சிஜனும் சந்திக்கும் இடம்: கரு

இப்பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இங்கே இரண்டு தலைப்புகளும் ஒன்றாகின்றன.

• பெரியவரின் தமனி ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய 80–100 மி.மீ. பாதரசம். கருவுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து வரும் மிகச் சிறந்த இரத்தத்திலேயே 30–35தான். 2007இல் எவரெஸ்டில் 8,400 மீட்டர் உயரத்தில் மலையேறிகளிடம் அளந்த சராசரி 24.6. கருப்பையை எவரெஸ்டோடு ஒப்பிட்டவர் உடலியலாளர் ஜோசப் பார்க்ராஃப்ட்.

• கருவின் தமனி, பெரியவர் தமனியின் சிறிய நகல் அல்ல. செம்மறி ஆட்டுக் கருவின் மூளைத் தமனிகளில் உட்கிடங்குக் கால்சியத்தைவிட வெளியிலிருந்து நுழையும் கால்சியத்தின் பங்கு பெரிது.

• டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ்: நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் கருக்கால நாளம். புரோஸ்டாகிளாண்டின் இ2, இபி4 ஏற்பி வழியாக சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தி அதைத் திறந்து வைக்கிறது. பிறந்ததும் ஆக்சிஜன் ஏறுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததால் புரோஸ்டாகிளாண்டின் இறங்குகிறது. நாளம் சுருங்குகிறது. நிறைமாதக் குழந்தையில் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் செயலளவில் மூடிவிடும்.

• இங்கே பொட்டாசியம் வாயிலை மூடுவது ஆக்சிஜனின் வரவு. நுரையீரல் தமனியில் மூடுவது ஆக்சிஜனின் குறைவு. நேரெதிர்!

• குறைமாதக் குழந்தையின் டக்டஸ் ஆக்சிஜனுக்குக் குறைவாகவும் புரோஸ்டாகிளாண்டினுக்கு அதிகமாகவும் இசைகிறது. அதனால் திறந்தே கிடக்கும். மூட: இண்டோமெத்தசின், இபுபுரூஃபன். சில பிறவி இதயக் கோளாறுகளில் திறந்து வைப்பதே உயிர்காக்கும், அதற்கு: அல்ப்ரோஸ்டடில்.

• கலிஃபோர்னியாவின் வைட் மவுண்டன் மலையில், ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரத்தில், சினை ஆடுகளை நெடுநாள் வைத்து லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் லாங்கோ குழு ஆராய்ந்தது. மூளைத் தமனிகளில் ஆல்ஃபா-1 ஏற்பிகளின் அடர்த்தியும், நார்அட்ரீனலினுக்கு எழும் ஐபி3 எதிர்வினையும் குறைந்திருந்தன. அந்த மலையிலுள்ள ஆய்வு நிலையத்தின் பெயர் பார்க்ராஃப்ட்.

மருந்துகள்

• போசென்டான்: எண்டோதீலின் ஏ, பி ஏற்பிகள் இரண்டையும் தடுக்கும், அமெரிக்க அனுமதி 2001.

• சில்டெனாஃபில்: ஏற்பியைத் தொடுவதில்லை, பிடிஇ5 நொதியைத் தடுத்து சைக்ளிக் ஜிஎம்பியைத் தங்கவைக்கிறது.

• நிஃபெடிபைன்: கால்சியம் வாயில் தடுப்பான், உயரமலை நுரையீரல் நீர்க்கோப்பில் பயன்படுகிறது.

• சுவாசிக்கும் நைட்ரிக் ஆக்சைடு: பிறந்த பின்னும் நுரையீரல் தமனி அழுத்தம் இறங்காத சிசுக்களுக்கு, அமெரிக்க அனுமதி 1999. காற்று செல்லும் நுரையீரல் பகுதியில் மட்டும் விரிப்பதால் உடலின் இரத்த அழுத்தம் பெரிதாக இறங்குவதில்லை.