தன் பெயரில் ஒரு கணக்கு

(உரைநடைப் பாடம்)

நுழைவாயில்

பெண்கள் உழைக்கத் தொடங்கியது இன்று நேற்றன்று. அவர்கள் காலங்காலமாக உழைத்து வந்துள்ளனர். ஆயினும், அவ்வுழைப்புக்கு உரிய பெயரும் பதிவும் பயனும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றைப் பெறுவதற்காக அகமதாபாத் நகரின் ஏழைப் பெண்கள் மேற்கொண்ட முயற்சியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கணக்கில் வராத உழைப்பு

நாம் வாழும் ஊர் எதுவாயினும், விடியற்காலையில் அதன் சந்தைக்குச் சென்றால் பெண்களின் உழைப்பைக் காணலாம். கீரைக்கட்டுகளை அடுக்குவோர், பூத் தொடுப்போர், மீன் கூடை சுமப்போர், பழைய துணிகளை வாங்கி விற்போர் எனப் பலர் அங்கே இருப்பர். இன்னும் பலர் நம் கண்ணில் படுவதில்லை. அவர்கள் வீட்டுக்குள் அமர்ந்து பீடி சுற்றுகின்றனர், ஊதுவத்தி உருட்டுகின்றனர், ஆடைகளுக்குப் பொத்தான் தைக்கின்றனர்.

இவர்களுள் பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இத்தகைய பணிகளை ‘அமைப்புசாராத் தொழில்’ என்பர். வளரும் நாடுகளில் உழைப்போருள் பெரும்பகுதியினர் இவ்வகையினரே. நாள் முழுவதும் உழைத்தாலும், “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்” என்று விடையளிக்கும் பெண்கள் இன்றும் உளர். தம் உழைப்பைத் தாமே உழைப்பென்று எண்ணாத அளவுக்கு அவ்வுழைப்பு மறைந்து கிடக்கிறது.

தலைச்சுமைப் பெண்கள்

குசராத்து மாநிலத்தின் அகமதாபாத் நகரம் துணி ஆலைகளால் புகழ்பெற்றது. அங்கு ஆலைத் தொழிலாளர்களுக்காக 1920ஆம் ஆண்டு ஜவுளித் தொழிலாளர் சங்கம் தோன்றியது. காந்தியடிகளின் வழிகாட்டுதலில் அனசூயா சாராபாய் என்னும் பெண்மணி அதனை உருவாக்கினார். அச்சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு 1968இல் தலைமையேற்றவர் இலா பட். இவர் 1933ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிறந்து, சட்டம் பயின்றவர்.

1971ஆம் ஆண்டு துணிச்சந்தையில் வண்டி இழுக்கும் பெண்கள் சிலர் சங்கத்தின் உதவியை நாடி வந்தனர். வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அவர்களுக்குத் தங்க வீடில்லை. அவர்கள் வாழும் இடத்தைக் காணச் சென்ற இலா பட், துணி மூட்டைகளைத் தலையில் சுமக்கும் பெண்களையும் சந்தித்தார். மொத்த விற்பனைக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையே அவர்கள் மூட்டைகளைச் சுமந்து சென்றனர். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி தரப்பட்டது. தொலைவு கூடினாலும் எடை கூடினாலும் கூலி கூடவில்லை. எத்தனை நடை நடந்தனர் என்பதற்கு எழுத்துப் பதிவு இல்லாததால், அக்கூலியும் பல நாள்களில் முழுமையாகக் கிடைக்கவில்லை.

இந்நிலையை விளக்கி உள்ளூர் நாளிதழில் இலா பட் ஒரு கட்டுரை எழுதினார். துணி வணிகர்கள் வாளாவிருக்கவில்லை. தாங்கள் நேர்மையான கூலியே வழங்குவதாக மறுப்புக் கட்டுரை வெளியிட்டனர். மகளிர் பிரிவு அம்மறுப்பைக் கண்டு சினம் கொள்ளவில்லை. மாறாக, வணிகர்கள் தாங்கள் வழங்குவதாகச் சொன்ன கூலி விவரத்தைச் சிறு அட்டைகளில் அச்சிட்டுப் பெண்களிடம் வழங்கியது. கூலி பெறும் வேளையில் அப்பெண்கள் அந்த அட்டையைக் காட்டினர். வணிகர்களின் சொல்லே அவர்களுக்குச் சான்றாயிற்று. எழுத்தில் பதிந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அப்பெண்கள் அன்று உணர்ந்தனர்.

எதிராளி இல்லாத சங்கம்

இச்செய்தி பரவியதும் பழைய துணி விற்கும் பெண்களும் தம் குறைகளைச் சொல்ல முன்வந்தனர். அவர்களுக்காகக் கூட்டப்பட்ட ஒரு பொதுக்கூட்டத்தில், பெண்களுக்கெனத் தனிச்சங்கம் வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. ‘சுயதொழில் புரியும் மகளிர் சங்கம்’ இவ்வாறு பிறந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘சேவா’ என்றாயின. குசராத்தி, இந்தி ஆகிய மொழிகளில் சேவா என்பதற்குத் தொண்டு என்பது பொருள்.

சங்கத்தைப் பதிவு செய்யச் சென்றபோது தொழிலாளர் துறை தயங்கியது. “தொழிற்சங்கம் என்றால் எதிரே ஒரு முதலாளி இருக்க வேண்டுமே! இப்பெண்களுக்கு முதலாளி யார்?” என்பது அதன் ஐயம். ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் சங்கம் அமைவதில்லை. உழைப்பவர் ஒன்றுகூடித் தம் நிலையை உயர்த்திக்கொள்வதற்காகவும் சங்கம் வேண்டும் என்று சேவா வாதிட்டது. அவ்வாதம் ஏற்கப்பட்டு, 1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சங்கம் பதிவு பெற்றது. கீரை விற்பவரும் தொழிலாளரே என்பது அன்று அரசுப் பதிவேட்டில் ஏறியது.

பத்து ரூபாய் வங்கி

சங்கம் அமைந்த பின்னரும் ஒரு பெருந்தடை எஞ்சியிருந்தது. சிறுவணிகம் செய்யும் பெண்களிடம் கைம்முதல் இல்லை. அன்றாடம் கடன் வாங்கியே அவர்கள் தொழில் செய்தனர். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு காய்கறி வணிகர் காலையில் 100 ரூபாய் கடன் வாங்கி, மாலையில் 110 ரூபாயாகத் திருப்பித் தருகிறார் எனக் கொள்வோம். ஒரு நாள் வட்டி 10 ரூபாய். மாதத்தில் 25 நாள் வணிகம் செய்தால் வட்டி மட்டும் 250 ரூபாய். ஆனால் அவர் பயன்படுத்திய முதலோ அதே 100 ரூபாய்தான்! உழைப்பின் பயன் உழைத்தவரிடம் தங்காமல் கடன் கொடுத்தவரிடம் சென்று சேர்ந்தது. வறுமைக்குச் சோம்பலே காரணம் என்போர் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1969இல் பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஏழைகளுக்கும் கடன் தர வேண்டும் என்பது அரசின் கொள்கையாயிற்று. சேவா தன் உறுப்பினர்களை அவ்வங்கிகளுக்கு அழைத்துச் சென்றது. ஆனால் வங்கியின் நடைமுறை வேறு, அப்பெண்களின் வாழ்க்கை வேறாக இருந்தது. வங்கி திறந்திருக்கும் நேரமே அவர்களின் வணிக நேரம். கைக்குழந்தையுடனும் கிழிந்த ஆடையுடனும் வந்தவர்களை அலுவலர்கள் வரவேற்கவில்லை. படிவம் நிரப்ப அப்பெண்களுக்கு எழுத்தறிவும் இல்லை.

இந்நிலையில், நமக்கென ஒரு வங்கி இருந்தால் என்ன என்று உறுப்பினர்களே கேட்டனர். 4000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்குத்தொகை செலுத்தினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று அதிகாரிகள் தயங்கினர். பதிவுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் விழித்திருந்து தம் பெயரை எழுதப் பழகினர். கைந்நாட்டு வைத்துப் பழகிய விரல்கள் எழுத்தாணி பிடித்தது போல் எழுதுகோல் பிடித்தன. 1974ஆம் ஆண்டு மே மாதம் சேவா கூட்டுறவு வங்கி பதிவாயிற்று.

அவ்வங்கி தன் உறுப்பினர்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொண்டது. கையெழுத்திடத் தெரியாதவரை அடையாளம் காண ஒளிப்படம் பயன்பட்டது. வங்கிக்கு வர இயலாதவரின் தெருவுக்கும் வாயிலுக்கும் வங்கியின் பணியாளர்கள் சென்று சேமிப்பைப் பெற்றுக்கொண்டனர். சிறிய தொகையும் சேமிப்பாக ஏற்கப்பட்டது. கணக்கு கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இல்லை. உழைத்த பெண்ணின் பெயரிலேயே இருந்தது. நோய், திருமணம், மழைக்காலம் என எது வந்தாலும் வட்டிக்காரரிடம் ஓட வேண்டிய கட்டாயம் குறைந்தது. தன் பெயரில் பணம் இருக்கும் பெண்ணின் சொல்லுக்கு வீட்டிலும் மதிப்பு உயர்ந்தது.

சொத்து யார் பெயரில்?

பெரிய கடன் வேண்டுமெனில் வங்கிகள் பிணை கேட்பது வழக்கம். வீடோ நிலமோ பிணையாக வைக்கப்படும். நம் நாட்டில் நெடுங்காலம் அவை ஆண்களின் பெயரிலேயே இருந்தன. எனவே, திறமையும் உழைப்பும் இருந்தும் பெண்ணால் தொழிலை விரிவாக்க இயலவில்லை. இதனை எண்ணிப் பார்த்தால், சொத்துரிமைக்கும் தொழில் முனைவுக்கும் உள்ள தொடர்பு விளங்கும். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்குண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமை 2005இல் விரிவாக்கப்பட்டது.

தெருவில் அமர்ந்து விற்பவருக்கு அமரும் இடமே முதல். அவ்விடத்திலிருந்து துரத்தப்பட்டால் அன்றைய உணவும் இல்லை. அகமதாபாத்தின் மாணிக் சௌக் சந்தையில் விற்கும் பெண்களின் உரிமைக்காகச் சேவா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்டம் 2014இல் நாடு முழுமைக்கும் வந்தது. அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வணிகர்களின் சார்பாளர்களும் இடம்பெறுவர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும்.

பரவிய ஒளி

அகமதாபாத்தில் தோன்றியதைப் போன்ற முயற்சிகள் பிற இடங்களிலும் எழுந்தன. சென்னையில் 1978ஆம் ஆண்டு ஜெயா அருணாசலம் ‘உழைக்கும் மகளிர் மன்றம்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஒரே பகுதியில் வாழும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பேற்றுக் கடன் பெற்றனர். நிலமோ நகையோ இல்லாத இடத்தில், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையே பிணையாயிற்று. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தால் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பெருகின.

அண்டை நாடான வங்காளதேசத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமிய வங்கி 1983இல் முழுமையான வங்கியாயிற்று. அதில் கடன் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே. 2006இல் அவருக்கும் அவ்வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஏழைப் பெண்களுக்கு நிதிச்சேவை கிடைக்கச் செய்வதற்காக 1979இல் பன்னாட்டு அமைப்பு ஒன்று தோன்றியது. அதன் நிறுவனர்களுள் இலா பட்டும் ஒருவர். அவருக்கு 1977இல் மகசேசே விருதும், 1986இல் பத்ம பூசண் விருதும் வழங்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் மறைந்தார். சேவாவின் உறுப்பினர் எண்ணிக்கை இன்று இருபது இலட்சத்தைக் கடந்துள்ளது.

மீதமுள்ள கணக்கு

கடன் கிடைத்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடுமா? வாராது. கடன் என்பது திருப்பிச் செலுத்த வேண்டிய பொறுப்பு. தொழிலறிவும் சந்தையும் இல்லாத இடத்தில் அதுவே சுமையாகிவிடும். ஆகவே, கடனோடு பயிற்சியும் மருத்துவப் பாதுகாப்பும் குழந்தைக் காப்பகமும் தேவை என்பதைச் சேவா தன் பணியின்வழி உணர்த்தியது.

வீட்டுக்குள் மற்றொரு கணக்கும் உள்ளது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாடு பற்றிய ஆய்வு ஒன்றை அரசு நடத்தியது. சமைத்தல், துவைத்தல் போன்ற கூலியில்லா வீட்டுப்பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். அப்பணிகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டதோ 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டுக்கு உழைத்த பின்னரே ஒரு பெண் தன் தொழிலை எண்ண முடிகிறது. சந்தையில் கிடைக்கும் சமத்துவம் சமையலறையிலும் கிடைத்தால்தான் அது முழுமை பெறும்.

சட்டத்தாலும் வங்கியாலும் செய்ய இயலாத பணி இது. உண்ட தட்டைக் கழுவுவதிலும், தண்ணீர் பிடிப்பதிலும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதிலும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு அளிக்கும் வீட்டில் இது தொடங்குகிறது. உழைக்கும் பெண்ணுக்கு நாம் செய்யத்தக்க முதல் சிறப்பு, அவர் செய்வது உழைப்பு என்று பெயரிட்டு அழைப்பதே.

சொற்பொருள்

கைம்முதல் – தொழில் தொடங்கக் கையில் உள்ள பணம்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்
பிணை – கடனுக்கு உறுதியாக அளிக்கும் பொருள் அல்லது பொறுப்பு
கைந்நாட்டு – பெருவிரல் பதிவு
பூர்வீகச் சொத்து – முன்னோர் வழி வந்த சொத்து
சார்பாளர் – ஒரு பிரிவினருக்காகப் பேசுபவர்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. தலைச்சுமை 2. பெருந்தடை 3. வீட்டுப்பணி 4. இந்நிலை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தலைச்சுமைப் பெண்களுக்கு முழுக்கூலி கிடைக்காததற்குக் காரணம் யாது?
2. சேவாவைப் பதிவு செய்யத் தொழிலாளர் துறை ஏன் தயங்கியது?
3. உழைக்கும் மகளிர் மன்றத்தில் எது பிணையாக அமைந்தது?

இ. கணக்கிடுக.
ஒருவர் காலையில் 200 ரூபாய் கடன் வாங்கி மாலையில் 220 ரூபாய் திருப்பித் தருகிறார். 20 நாள்களில் அவர் செலுத்தும் வட்டி எவ்வளவு? அத்தொகையைச் சேமித்தால் அவர் எப்போது கடனின்றித் தொழில் செய்யலாம்? உங்கள் விடையை மூன்று தொடர்களில் விளக்குக.

ஈ. சிந்தித்து எழுதுக.
“சங்கம் என்பது எதிர்ப்பதற்கு மட்டுமன்று.” இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

உ. செயல்பாடு
1. நீங்கள் வாழும் ஊரின் சந்தையில் தொழில் செய்யும் பெண் ஒருவருடன் பெரியவர் துணையோடு உரையாடுக. அவர் செய்யும் தொழிலுக்கு அவ்வூர் மொழியில் வழங்கும் பெயரையும் அதற்கு இணையான தமிழ்ச்சொல்லையும் எழுதுக.
2. உங்கள் வீட்டில் ஒரு நாளில் யார் யார் எந்தெந்தப் பணியை எத்தனை நிமிடம் செய்கின்றனர் என்று பட்டியலிடுக. அப்பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்ணை அடுத்த வாரம் எவ்வாறு மாற்றலாம் என எழுதுக.