ஸ்பிரே போத்தலில் போகும் காசு

கரவெட்டியில் வாகனம் கழுவும் எனது நிலையத்தில் மலிவு ஸ்பிரே போத்தல்கள் ஒரு மாதமும் தாங்கவில்லை. பிழை என்னுடையதுதான். சில்லு கழுவும் அமிலம் பட்டால் ஸ்பிரே தலைக்குள் இருக்கும் இரும்புச் சுருள் துருப்பிடிக்கும். கடுங்காரம் பெற் போத்தலை வெடிக்கச் செய்யும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்றிருந்தால் அது எச்.டி.பி.ஈ. அதைக் கேட்டு வாங்குங்கள். அமிலம் தாங்கும் தலையா என்றும் விசாரியுங்கள்.

மாலையில் மிச்ச மருந்தை அதன் கலனில் ஊற்றிவிட்டு, தண்ணீரை நன்றாக விசிறி அடிக்கிறோம். நமது சுண்ணாம்புக் கிணற்றுநீர் துவாரத்தை அடைப்பதுண்டு. கழுவிய தலையை வினாகிரியில் ஊறவைத்தால் இளகும்; பிளீச் பாவித்த தலையென்றால் வேண்டாம், நச்சுவாயு எழும்.

சகோதரர்களே, சோடாப் போத்தலில் மட்டும் மருந்து ஊற்றாதீர்கள். எங்கள் பையன் ஒருவன் தண்ணீரென்று வாயருகே கொண்டுபோய்விட்டான். மணம்தான் காப்பாற்றியது. அன்றே எல்லாப் போத்தலிலும் பெயர் எழுதி ஒட்டினேன்.