பந்திவிசாரணைக்கும் அபிஷேகம் வேண்டும்



இந்த மாத வேதபாடத்துக்கு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு வசனங்களை நிதானமாக வாசித்துவிட்டு மேலே படியுங்கள்.

எருசலேம் சபையில் முறுமுறுப்பு உண்டாகிறது. உபதேசத்தைப் பற்றியல்ல, சாப்பாட்டைப் பற்றி. சில விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை. அதைக் கவனிக்க ஏழுபேரைத் தெரிந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்று 3ஆம் வசனத்தில் பாருங்கள். நற்சாட்சி, ஞானம், அதோடு பரிசுத்த ஆவியின் நிறைவு! சோறு பரிமாறுகிறதுக்கு ஆவியின் நிறைவு எதுக்கு? நாமாயிருந்தா, கணக்கு எழுதத் தெரிஞ்ச ஆளாப் பாருங்கன்னு முடிச்சிருப்போம். அந்நியபாஷைக்காகவும் தீர்க்கதரிசனத்துக்காகவும் கண்ணீரோடு காத்திருந்து ஜெபிக்கிறோம், நல்லது. படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்ட அபிஷேகம் கேட்டதுண்டா?

நமக்குத் தெற்கே, களக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள டோனாவூரில் நடந்ததைச் சொல்லுகிறேன். எமி கார்மைக்கேல் அம்மையார் வட அயர்லாந்தில் 1867-ல் பிறந்து, 1895-ல் இந்தியா வந்தவர்கள். தமிழ்ப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிவந்தார்கள். 1901-ல், கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவர்களிடம் அடைக்கலமானாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், கைக்குழந்தைகள் உட்பட. கிராம ஊழியம் குறைந்துபோயிற்று. பால் காய்ச்சணும், துணி அலசணும், நகம் வெட்டணும், ராத்திரி கண்விழிக்கணும். ஆத்தும ஆதாயத்துக்கு வந்தவர்கள் ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வி அவர்களுக்கே எழும்பிற்று. யோவான் 13ஆம் அதிகாரத்தில் பதில் கிடைத்தது. ஆண்டவரே இடுப்பில் சீலையைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவியிருக்கிறார். எஜமான் பார்க்காத கௌரவத்தை வேலைக்காரன் பார்க்கலாமா?

அவர்களோடு ஊழியம் செய்த பொன்னம்மாள் என்ற இளம் விதவையைப் பற்றி நம்மில் அநேகருக்குத் தெரியாது. வெள்ளைக்கார மிஷனெரிகளின் பெயர்தான் நமக்கு ஞாபகம் நிற்கிறது! நெய்யூரில் கைக்குழந்தைகளைத் தங்கவைத்து வளர்த்தது இந்த அம்மாள்தான். அங்கே வயிற்றுப்போக்கு பரவி, சில குழந்தைகள் இறந்துபோயின. ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் அடுத்த குழந்தையைக் கையில் வாங்கினார்கள். பொன்னம்மாள் 1915-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

எமி அம்மையார் 1931-ல் கீழே விழுந்து காலில் அடிபட்டார்கள். 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கியிருந்தார்கள். விசுவாசத்தில் குறைவுன்னு அவர்களைப் பார்த்து யார் சொல்ல முடியும்? அவர்கள் தூக்கி வளர்த்த பிள்ளைகள் அவர்களைக் கவனித்துக்கொண்டார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன்? தெய்வீக சுகத்தை நான் முழு இருதயமாய் விசுவாசிக்கிறேன். யாக்கோபு 5:14-ன்படி எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம், ஜெபிப்போம். ஆனால் எண்ணெய் பூசின மறுநாள் அந்த வீட்டுக்கு யார் போகிறோம்? வீடு சந்திப்பில் ஒரு சகோதரி சொன்னாள்: "ஐயா, ஜெபிக்க எல்லாரும் வாராங்க. ராத்திரி கூட இருக்கத்தான் ஆளில்ல." சுகம் கிடைக்கத் தாமதமானால், அந்த வீட்டில் ஏதோ பாவம் இருக்குன்னு பேசிவிட்டு ஒதுங்குகிறவர்களும் நம்மிலே உண்டு. யோபுவின் சிநேகிதர்கூட முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13).

லூக்கா 10-ல் வரும் சமாரியன் எண்ணெய் வார்த்ததோடு போய்விடவில்லை. காயங் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் இராத்தங்கினான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான், திரும்பி வருவேன் என்றும் சொன்னான்.

நம்ம ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற குடும்பங்களில், ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவரின் கூலியும் போகிறது. ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்ட் போகிறவர்களுக்கும் அதே கஷ்டம்தான். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ஈரத்துணியை உடனே மாற்ற வேண்டும். ஒரே ஆள் ராவும் பகலும் இதைச் செய்ய முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று நாம்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். திமிர்வாதக்காரனின் படுக்கையைச் சுமக்கவும் நாலு பேர் வேண்டியிருந்தது (மாற்கு 2:3).

வாரத்தில் ஒரு ராத்திரி கொடுக்க மனமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பேர் கொடுங்கள். கண்விழிக்க முடியாத வயதானவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பலாம்.