மின்வலைக்கு ஒரு கணக்குப் போட்டி

மின்சாரத்தைப் பெருமளவிற் சேமித்தல் எளிதன்று. ஆதலின், வேண்டப்படும் அளவை அவ்வப்பொழுதே நிலையங்கள் ஆக்கித் தருதல் வேண்டும். கம்பிகள் தாங்கும் அளவு மீறாமல், குறைந்த செலவில், எந்நிலையம் எவ்வளவு ஆக்குவது? இக்கணக்கை 1962ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவராகிய கார்ப்பாந்தியே என்பார் முறைப்பட வகுத்தார்.

செலவு குறைதல் ஒன்றே போதுமோ? போதாது. ஒரு கம்பி செயலிழப்பின் அதன் சுமை ஏனைய கம்பிகளின்மேற் பாயும். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் எச்சரிக்கைப் பொறி பழுதுற்றிருக்க, சில கம்பிகள் மரங்களிற் பட்டுச் செயலிழந்தன. அதனால் அந்நாட்டிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். ஆகவே, எவ்வுறுப்பு கெடினும் எஞ்சியவை நிலைபெறுமாறு முன்னரே கணித்தல் இன்றியமையாதது. உறுப்புகளோ பல்லாயிரம், காலமோ சிறிது.

இவ்வருமையைத் தீர்த்தற்பொருட்டு அமெரிக்க ஆற்றல் துறையைச் சார்ந்த ஆர்ப்பா-ஈ நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஒரு போட்டி தொடங்கிற்று. அறிஞர் குழுவினர் அனுப்பிய கணிமுறைகள் யாவும் ஒரே வகைக் கணிப்பொறியில் இயக்கப்பெற்றன. ஒரு பிரிவிற்கு 10 நிமிடமும், மற்றொன்றிற்கு 45 நிமிடமும் எல்லை. மின்னாக்கச் செலவோடு, வரம்பு மீறியதற்குரிய தண்டமும் கூட்டி மதிப்பிட்டனர். முதற்சுற்றில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடக் குழுவினர் முதலிடம் பெற்றனர்.

தீவட்டியோடு மிகுதி எண்ணெயும் கொண்டுசென்ற ஐந்து கன்னிகைகளின் உவமையை நாம் அறிவோம். மின்வலைக்கும் அத்தகைய முன்னறிவே காவலாம். மலிவை மட்டும் நாடாது, இடர் நேரினும் ஊர் இருளாதிருத்தலை நாடுவதே நற்கணக்கு.