ஓணான் ஏன் தலையாட்டுகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்து வேலியிலும் கரட்டுப் பாறையிலும் வெயில் காயும் ஓணான்களைப் பற்றி வழங்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஊர்ப்பக்கம் கரட்டான், கரட்டாண்டி என்றும் அழைக்கப்படும் இதன் தலையாட்டலும் கழுத்துச் சிவப்புமே பெரும்பாலான கதைகளுக்கு வேர். இரண்டுமே மனிதருக்கானவை அல்ல. ஓணான் இன்னோர் ஓணானுக்குக் காட்டும் சைகைகள் அவை.

ஓணான் தூரத்திலிருந்தே இரத்தத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்பது பழைய பயம். தமிழ்நாட்டிலும் மலைக்கு அப்பால் கேரளத்திலும் பிள்ளைகள் இதற்கு அஞ்சுவதுண்டு. ஆங்கிலேயரும் இதை இரத்தம் உறிஞ்சி என்ற பொருளிலேயே அழைத்தார்கள். உண்மையில் தோட்டத்து ஓணானின் இரை எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி போன்றவை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகும். போட்டி ஆணிடம் தோற்றுவிட்டால் அந்தச் சிவப்பு சட்டென்று மங்கிவிடும். குடித்த இரத்தமாக இருந்தால் இப்படி வந்து போகாது.

தாகத்தில் இருந்த இராமருக்கு அணில் தண்ணீர் கொடுத்தது, ஓணானோ சிறுநீரைக் கொடுத்துவிட்டு இன்றும் தலையாட்டிக் கேலி செய்கிறது என்பது சிறுவர்களின் கல்லெறிக்கு நியாயம் கற்பிக்கும் கதை. அந்தத் தலையாட்டல் எல்லை அறிவிப்பு. வேலிக்காலின் உச்சியில் ஏறி, முன்னங்கால்களை ஊன்றி உடலை உயர்த்தித் தாழ்த்தும் ஆண், ‘இந்த இடம் என்னுடையது’ என்கிறது. எதிர் ஆண் விலகிப் போனால் சண்டையே இல்லை. கடித்துக் குதறிக்கொள்வதைவிடத் தலையாட்டுவது இருவருக்கும் மலிவு. இத்தகைய சைகைகள் பரிணாமத்தில் நிலைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

காற்றில் செடிகள் ஓயாமல் ஆடும் இடத்தில் இந்த அசைவு எப்படிக் கண்ணில் படும்? ஆடிக் காற்றை அறிந்த தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இயல்பாக எழக்கூடிய கேள்வி இது. ஆஸ்திரேலியாவின் ஜாக்கி டிராகன் என்ற ஓணான் வகையை ஆராய்ந்த பீட்டர்ஸ், ஹெம்மி, சைல் ஆகியோர் 2007இல் விடை தந்தார்கள். காற்று பலமாக வீசும்போது அது தன் சைகைக்கு முன்னோட்டமான வாலாட்டலை வெகுநேரம் நீட்டிக்கிறது. எதிரியின் கவனம் திரும்பிய பிறகே மற்ற அசைவுகள்.    

அடுத்தது பச்சோந்தி. எதன்மேல் ஏறினாலும் அதன் நிறத்துக்கு மாறிவிடும் என்பது அரசியல் மேடைகள் வளர்த்துவிட்ட நம்பிக்கை. பச்சையும் பழுப்புமான உடல் இலைகளுக்கிடையே மறைய உதவுவது உண்மைதான். ஆனால் கட்டம்போட்ட துணிமேல் விட்டால் கட்டம் வராது. வெப்பம், அச்சம், சினம், இணை நாட்டம் ஆகியவையே நிறத்தை மாற்றுகின்றன. தென்னாப்பிரிக்கக் குட்டைப் பச்சோந்திகளை ஒப்பிட்ட ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், மூசல்லி ஆகியோர் 2008இல் கண்டது இதற்கு வலுச் சேர்க்கிறது: பலவிதச் சூழல்களில் வாழும் இனங்கள் அதிகம் நிறம் மாறவில்லை, பிற பச்சோந்திகளின் கண்ணைப் பறிக்கும் சைகை கொண்ட இனங்களே அதிகம் மாறின. நிறம் மாறும் விதத்தை 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் பச்சோந்தியில் காட்டினார்கள். தோல் செல்களில் உள்ள நுண்படிகங்கள் நெருங்கியிருந்தால் நீலமும் பச்சையும் தெறிக்கும். விலகினால் மஞ்சளும் சிவப்பும்.

பாறை ஓணானின் கதை இன்னும் சுவையானது. தென்னிந்தியக் கரடுகளுக்கே உரிய இதன் ஆணை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனுராதா பதப்யாலும் மரியா தாக்கரும் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். பெண்ணைக் கண்டால் முதுகு சிவந்து விலா கறுக்கிறது. எதிரி ஆணைக் கண்டால் முதுகு மஞ்சளாகவும் விலா செம்மஞ்சளாகவும் ஆகிறது. பெண்ணுக்குக் காட்டும் கோலத்தில் நிற முரண் அதிகம். எதிரிக்குக் காட்டுவதில் வேகம் அதிகம். ஒரே தோலில் இரண்டு செய்திகள்!

ஓணான் கடித்தால் விஷம் ஏறும் என்பதும் தவறு. நம் ஊர் ஓணானிடமோ பச்சோந்தியிடமோ மனிதருக்குத் தீங்கு செய்யும் விஷம் கிடையாது. பிடித்துத் துன்புறுத்தினால் கடிக்கும். காயத்தைச் சோப்பு போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பச்சோந்தியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.