பாடுகிறவளுக்கு ஒரு கிட்டார்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதமும் நீ அனுப்பிய படங்களும் வந்தன. தோள் சரிந்து, நடுவில் தேன் நிறமும் ஓரம் போகப் போகக் கறுப்புமாக இருக்கும் அந்தப் பழைய பாணிக் கிட்டார்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அழகில் மயங்கிவிட்டாள் என்று நினைத்து உன்னைத் தடுக்கப் போவதில்லை. நீ பாடுகிற பெண். பாடுகிறவர்களுக்கு இந்த வகை பொருந்தும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பொருத்தம் தோளின் வளைவிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போ.

இந்த வடிவத்தின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ. கிப்சன் கம்பெனியின் பழைய ஆலை அங்கேதான் இருந்தது. பெரிய உடல் கொண்ட 'டிரெட்நாட்' கிட்டாரை முதலில் செய்தவர்கள் அவர்கள் அல்ல. பென்சில்வேனியாவின் மார்ட்டின் கம்பெனிதான். 1916-ல் டிட்சன் என்ற இசைக்கருவி வியாபாரிக்காக அதைச் செய்தார்கள். 1906-ல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த ஆரம்பகால டிரெட்நாட்டுகளுக்கும் தோள் சரிவாகவே இருந்தது. கழுத்து உடலோடு 12-வது ஃப்ரெட்டில் சேர்ந்தது. பிறகு 14-வது ஃப்ரெட்டில் சேரும்படி செய்வதற்காக உடலின் மேற்பகுதியைக் குறுக்கினார்கள், தோள் சதுரமானது. இன்று கடைகளில் நீ அதிகம் பார்ப்பது அந்தச் சதுரத் தோள்தான். கிப்சன் 1934-ல் தன் 'ஜம்போ'வைக் கொண்டுவந்தபோது, 14 ஃப்ரெட் கழுத்தையும் வைத்துக்கொண்டு தோளையும் சரிவாகவே விட்டது.

அது பொருளாதார மந்தக் காலம். ஜம்போவின் விலை 60 டாலர். வாங்க ஆள் குறைவு. அலங்காரத்தைக் குறைத்து 1936-ல் ஜே-35 வந்தது, விலை 35 டாலர். 1942-ல் ஜே-45, 45 டாலர். மாடல் பெயரில் இருப்பது விலைதான். நீ அனுப்பிய படங்களில் இருப்பவை எல்லாம் இந்த ஜே-45-ன் வாரிசுகள். இன்று சேகரிப்பாளர்கள் பொத்திப் பாதுகாக்கும் இந்தக் கருவி, கையில் அதிகம் காசில்லாத உழைப்பாளிப் பாடகர்களுக்காகச் செய்யப்பட்டது. அந்த நிறத்துக்கும் சிக்கனம் ஒரு காரணம். ரேகை சீராக இல்லாத பலகையை அடர்ந்த சாயம் மறைத்துவிடும். ரேகை நன்றாக அமைந்த பலகைகளைச் சாயமில்லாமல் இயற்கை நிறத்தில் விட்டு, பின்னாளில் ஜே-50 என்று விற்றார்கள். இரண்டும் உள்ளுக்குள் ஒன்றே. அதனால் உனக்குப் பிடித்த நிறத்தில் ஒன்றும், பிடிக்காத நிறத்தில் ஒன்றும் கடையில் இருந்தால், இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

ஜே-45 பிறந்தபோது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆலையின் ஆண்களில் பலர் படைக்குப் போக, கலமசூவின் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அப்போது செய்த கிட்டார்களின் தலைப்பகுதியில் சிறு பதாகை ஒன்றை வரைந்து, கிப்சன் மட்டுமே போதுமான தரம் என்ற பொருளில் ஒரு வாசகம் எழுதினார்கள். உலோகத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் சிலவற்றின் கழுத்துக்குள் அதை வளையாமல் தாங்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் இல்லை. அதற்கு ஈடாகக் கழுத்தைத் தடிமனாக விட்டார்கள். மஹோகனி போதாதபோது சிலவற்றுக்கு மேப்பிள் மரத்தில் முதுகு போட்டார்கள். இரண்டு துண்டில் அமைய வேண்டிய மேற்பலகையை நான்கு துண்டு ஒட்டிச் செய்ததும் உண்டு. இவ்வளவு நெருக்கடியில் செய்த அந்தக் கிட்டார்களைத்தான் இன்று வாசிப்பவர்கள் தேடுகிறார்கள். அந்தப் பெண்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிச் சந்தித்து ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் 2012-ல் ஒரு நூல் எழுதினார். கிட்டார்களை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தார். பாகங்கள் சற்று மெலிதாக, நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தன என்பது அவர் கண்டது. நீ கிட்டாரைக் கையில் எடுக்கும்போது முதலில் எடையைக் கவனி. தடித்த பலகையும் கனமான உள்சட்டங்களும் கொண்ட கருவிக்கு ஆயுள் கூடும்; ஆனால் விரல் பட்டதும் பேசாது.

இனி ஒலிக்கு வருகிறேன். ஜே-45-ன் மேற்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் மஹோகனி. தலைப்பக்கம் கம்பி அமரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிர்கிற நீளம் சுமார் 24¾ அங்குலம். மார்ட்டின் டிரெட்நாட்டில் அது 25.4 அங்குலம். முக்கால் அங்குலம்கூட இல்லாத இந்த வித்தியாசத்தை அலட்சியமாக நினைக்காதே. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், குட்டையான கழுத்தில் இழுவிசை ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. இடது கைக்கு அழுத்துவது எளிது. ஒலியும் மாறுகிறது. மேல்ஸ்தாயி மினுமினுப்பு தணிந்து, சுரத்தின் அடிநாதம் முன்னே வருகிறது. மஹோகனி அதற்கு உறுதுணை. மீட்டியதும் சட்டென்று எழுந்து, நீண்ட கார்வை இல்லாமல் சீக்கிரம் அடங்கிவிடும். வறண்ட ஒலி என்று வாசிப்பவர்கள் இதைப் பாராட்டாகவே சொல்வார்கள். சுருதிக்கு அமர்த்துகிற தம்புராவில் கார்வை அறாமல் ஓடவேண்டும். பக்கவாத்தியமாக வாசிக்கும் கிட்டாரில், ஒரு கார்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒலி வடிந்தால்தான் உன் சொற்கள் தெளிவாக நிற்கும். ரோஸ்வுட் முதுகு கொண்ட பெரிய கிட்டார்கள் தனியாக வாசிக்கும்போது மயக்குகின்றன. அவற்றோடு பாடினால் குரலின் இடத்திலேயே அவையும் வந்து உட்கார்ந்துகொள்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

தோள் ஒன்றே போதாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதே குடும்பத்தில் மூன்று சாட்சிகள் உண்டு. 1936-ல் வந்த 'அட்வான்ஸ்ட் ஜம்போ'வுக்கு இதே சரிந்த தோள். ஆனால் முதுகும் பக்கமும் ரோஸ்வுட், கம்பி நீளம் 25½ அங்குலம். அது அதிரடியான, நெடுநேரம் ஒலிக்கும் கருவி. கிப்சனின் தாய்க் கம்பெனி 1957-ல் எபிஃபோனை வாங்கிய பிறகு அதே கலமசூ ஆலையில் செய்த 'டெக்சன்' இரண்டாவது. அதிலும் மஹோகனிதான், நீளம் மட்டும் 25½. பால் மெக்கார்ட்னி 'யெஸ்டர்டே' பாடலுக்கு வாசித்தது அதைத்தான். ஜே-45-ஐவிட அதன் நாதம் சற்று இறுக்கம், சற்றுப் பளிச். மூன்றாவது 1954-ல் வந்த ஜே-160ஈ. ஜான் லென்னனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1962-ல் வாங்கினார்களே, அது. ஒலிபெருக்கியோடு வாசிக்கும்போது ஊளையிடாமல் இருக்க அதன் மேற்பலகையை வேண்டுமென்றே பிளைவுட்டில் செய்தார்கள். மேடையில் அது நன்றாக உழைத்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு அறையில் வாசித்தால் அதில் குரல் குறைவு. லென்னனிடமிருந்து காணாமல் போன அந்தக் கிட்டார் 2015-ல் ஏலத்துக்கு வந்து 24 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த மாடலின் மலிவான நகலையும் ஜே-45-ன் நகலையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தால், உருவத்தை வைத்து நீ இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவாய்.

ஆகவே கடையில் மூன்று விஷயம் கேள். கம்பி நீளம் எவ்வளவு, மேற்பலகை முழுமரமா, முதுகு என்ன மரம். மேற்பலகையை நீயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். மேலே ஓடும் ரேகை விளிம்பின் தடிமன் வழியாகவும் இறங்கினால் முழுமரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். முதுகும் பக்கமும் பிளைவுட்டாக இருந்தாலும் பரவாயில்லை. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது ஒருவிதத்தில் பாதுகாப்புதான். மேற்பலகையில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

பிறகு வாசி. விற்பனையாளர் வேகமாக வாசித்துக் காட்டுவார். கேட்டுக்கொள், அதை வைத்துத் தீர்மானிக்காதே. நீ வழக்கமாகப் பாடும் சுருதியில் ஒரு மெதுவான பாட்டை எடு. தெரிந்த மூன்று கார்டுகள் போதும். மெல்லிய குரலில் பாடும்போது கிட்டாரும் கூடவே தணிகிறதா என்று கேள். உரக்க அடித்தால் எல்லாக் கிட்டாரும் ஒலிக்கும். விரல் நுனியால் தொடும்போதும் நாதம் குன்றாமல் இருப்பதுதான் நல்ல மேற்பலகை. அடுத்து, சுவருக்கு மூன்றடி தள்ளி அதைப் பார்த்து உட்கார்ந்து பாடு. ஒலி திரும்பி உன் காதுக்கே வரும். குரலும் கம்பியும் ஒன்றையொன்று மறைக்கிறதா என்று தெரிந்துவிடும். உடம்பையும் கேட்டுக்கொள். இதன் அடிவயிறு சுமார் 16 அங்குல அகலம். உனக்கு உயரம் குறைவு. வலது தோள் தூக்கிக்கொண்டு நின்றால் அரைமணி நேரத்தில் வலிக்கும்.

கைவேலையைப் பார்ப்பதில் அவசரப்படாதே. ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்து. நடுவில், 7-வது ஃப்ரெட் பக்கம், ஒரு தாள் நுழையும் அளவுக்கு மெல்லிய இடைவெளி இருந்தால் கழுத்து சரி. 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே ஆறாம் கம்பி சுமார் 2.4 மில்லிமீட்டர் உயரத்திலும், முதல் கம்பி 1.8 பக்கத்திலும் இருக்கட்டும். இவை சற்றுக் கூடியிருந்தால் குறைக்கலாம். அதற்கு பிரிட்ஜில் நிற்கும் வெள்ளைத் துண்டு, அதாவது சேடில், போதுமான அளவு வெளியே தெரிய வேண்டும். சேடில் ஏற்கெனவே மூழ்கிப்போய், கம்பி இன்னும் உயரமாகவே இருந்தால் கழுத்தின் கோணமே தவறிவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்ற வேண்டும். செலவு கிட்டாரின் விலையைத் தொடும். எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் அந்தக் கிட்டாரை விட்டுவிடு. பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பார். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அதன் பின்னால் மேற்பலகை லேசாக மேடிட்டிருப்பது இயல்பு, பயப்படாதே. எல்லாக் கம்பியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி வாசி. சலிப்பான வேலைதான். ஒரே இடத்தில் மட்டும் 'ஜிர்ர்' என்றால் அந்த ஃப்ரெட் சமமில்லை.

பழைய கிப்சன் ஒன்றை யாரோ விற்க வருவதாக எழுதியிருந்தாய். 1960-களில் செய்ததென்றால் கழுத்தின் அகலத்தை அள. 1965 வாக்கில் நட்டை மிகக் குறுகலாக்கினார்கள். விரலால் மீட்டுகிறவளுக்கு அது நெருக்கடி. அந்தப் பத்தாண்டில் திருகாணி வைத்த சேடிலும், சிலவற்றில் பிளாஸ்டிக் பிரிட்ஜும்கூட வந்தன. 1969 வாக்கில் ஜே-45-க்கே தோள் சதுரமாகிவிட்டது. 1980-களில்தான் சரிவு திரும்பியது. 1989 முதல் மொன்டானாவின் போஸ்மன் நகரில் செய்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாத காலம் 1965-லிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை.

புதிதாக வாங்க, உன் பட்ஜெட்டில், எபிஃபோன் 2020-ல் கொண்டுவந்த முழுமர ஜே-45-ஐ முதலில் தேடு. சீனாவின் ஈஸ்ட்மன் கம்பெனியும் சரிந்த தோள் மாடல்களை முழுமரத்தில் செய்கிறது. கைக்குக் கிடைத்தால் இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டு வாசி. இங்கிலாந்தின் ஆட்கின், டெக்சாஸின் காலிங்ஸ் எல்லாம் அருமையான கைகள், ஆனால் இப்போது உனக்கு அவை வேண்டியதில்லை. எதை எடுத்தாலும் விரல்பலகையின் மரத்தைத் தொட்டுப் பார். பல கிட்டார்களில் அது இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அருகியபோது 1969-ல் மார்ட்டின் இந்த மரத்துக்கு மாறியது. உலகத்துக் கிட்டார்கள் பலவற்றில் நம் மலைக்காட்டின் துண்டு ஒன்று இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. அந்தக் காடு மிஞ்ச வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்தே உண்டு.

சென்னை ஈரத்தைப் பற்றி ஒன்று. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. கடலோரத்தில் பல மாதங்கள் அது 70-ஐத் தாண்டும். நாளெல்லாம் ஏசி ஓடுகிற கடையில் கச்சிதமாக இருந்த கம்பி உயரம், உன் ஹாஸ்டல் அறையில் மேற்பலகை ஈரம் குடித்து வீங்கியதும் ஏறிவிடும். சேடிலில் குறைக்க இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். கெட்டியான பெட்டியோடு வாங்கு. வாசிக்காத நேரத்தில் உள்ளே வை, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு. நின்றிருக்கும் காரில் ஒருபோதும் விடாதே. வெயிலில் பசை இளகி பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். முதல் சில மாதங்களுக்கு 11-ல் தொடங்கும் மெல்லிய கம்பி செட் போடு, விரல் காய்த்த பிறகு 12-க்கு மாறு. அதற்கு மேல் தடித்தது இந்தக் கிட்டாருக்குத் தேவையில்லை.

தேர்ந்தெடுத்ததும் பணம் கட்டிவிடாதே. பிரிட்ஜையும் சேடிலையும் பக்கவாட்டில் ஒரு படம், தலைப்பக்கத்திலிருந்து கழுத்து நேராகத் தெரியும்படி ஒரு படம், அதோடு நீ பாடிக்கொண்டே வாசித்த ஒரு நிமிடப் பதிவு, மூன்றையும் அனுப்பு. பார்த்து, கேட்டு, அன்றைக்கே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா